கூடைப்பந்து போஸ்ட் வாங்கும் முன்: வீட்டுக்கும் பள்ளிக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்குப் போனதும் எல்லார் கண்ணும் போர்டின் மேல்தான் விழும். கண்ணாடியா அக்ரிலிக்கா, எத்தனை அங்குலம் என்றுதான் பேச்சே தொடங்கும். வாங்கி ஆறு மாதம் கழித்து வரும் புகார்களோ வேறு: கம்பம் ஆடுகிறது, அடிப்பெட்டி காற்றில் சாய்ந்தது, ரிங் முன்பக்கம் தொங்கிவிட்டது. எல்லாம் போர்டுக்குக் கீழேயும் பின்னாலேயும் இருக்கும் சங்கதிகள். அதனால் நிற்கும் இடம், கம்பம், ரிங், கடைசியாகப் போர்டு என்ற வரிசையில் பார்ப்பதே சரி. கீழே உள்ள அளவுகள் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளை ஒட்டியவை. வெயில், கடற்காற்று, மண் பற்றிய குறிப்புகள் தமிழ்நாட்டுக்கானவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள் எவை?

ரிங்கின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது 10 அடி. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை அறைந்து மாட்டிய மாடிக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம், அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

ரிங்கின் உள்விட்டம் 45 முதல் 45.9 செ.மீ. வரை. கம்பியின் தடிமன் 16 முதல் 20 மி.மீ. வரை. பெரியவர்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ., ஆகவே ரிங்குக்குள் இரண்டு பந்து சுமார் மூன்று செ.மீ. வித்தியாசத்தில் நுழையாமல் போகும். ரிங்கின் உள்விளிம்புக்கும் போர்டின் முகத்துக்கும் இடைவெளி 15 செ.மீ. முழு அளவுப் போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டர். போர்டின் நடுவே உள்ள சிறு கட்டம் 59 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். அந்தக் கட்டத்தின் அடிக்கோட்டின் மேல்விளிம்பும் ரிங்கின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். போர்டின் முகம் எல்லைக்கோட்டிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே வரும்.

இதில் எதை விட்டுக்கொடுத்தாலும் உயரத்தையும் அந்த 15 செ.மீ. இடைவெளியையும் விட்டுக்கொடுக்காதீர்கள். போர்டு சின்னதாக இருந்தால் பிள்ளை பழகிக்கொள்வாள். தவறான உயரத்தில் கை பழகிவிட்டால் போட்டிக்குப் போகும்போது எல்லா ஷாட்டும் குறையும் அல்லது தாண்டும்.

வீட்டில் எவ்வளவு இடம் இருந்தால் போஸ்ட் வைக்கலாம்?

ஃப்ரீ த்ரோ கோடு போர்டின் முகத்திலிருந்து 4.60 மீட்டர். போர்டுக்குப் பின்னால் கம்பத்துக்கு ஒரு மீட்டர், எறிபவருக்குப் பின்னால் இன்னொரு மீட்டர் என்று சேர்த்தால் நீளவாக்கில் 7 மீட்டர் வேண்டும். அகலம் 4 மீட்டருக்குக் குறைந்தால் ஓரத்திலிருந்து எறியும் பழக்கமே வராது. மூன்று புள்ளிக் கோடு ரிங்கின் மையத்திலிருந்து 6.75 மீட்டர் என்பதால், அதற்கும் ஆசைப்பட்டால் 9 மீட்டருக்கு மேல் தேவை.

இடத்தைத் தரையில் மட்டும் அளப்பவர்கள்தான் அதிகம். மேலேயும் பாருங்கள். கார் போர்ட்டிகோவின் கூரை பெரும்பாலும் 10 அடி. அதன் அடியில் 10 அடி ரிங்குக்கு இடம் ஏது? ரிங்குக்கு மேல் குறைந்தது ஒன்றரை மீட்டர் வெட்டவெளி இல்லாவிட்டால் பந்து வளைந்து இறங்காது. மின்வாரியக் கம்பி மேலே போகும் இடத்தில் போஸ்ட் வேண்டவே வேண்டாம். பந்து போய் மாட்டினால் பிள்ளைகள் தொரட்டியைத் தேடுவார்கள்.

திசையும் முக்கியம். ஆட்டம் நடப்பது காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும்தான். போஸ்ட் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் எறிபவர் கண்ணில் நேராக வெயில் அடிக்கும். வடக்கிலோ தெற்கிலோ வையுங்கள். பள்ளி மைதானம் என்றால் ஆடுகளத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக அமையட்டும்.

நகர்த்தும் போஸ்ட், தரையில் புதைக்கும் போஸ்ட், சுவரில் மாட்டுவது: எது நல்லது?

சொந்த இடம், பத்து வருடம் ஆடப்போகிறோம் என்றால் தரையில் நிறுத்துவது. வாடகை வீடு, அடுக்ககம், பொதுவான கார் நிறுத்துமிடம் என்றால் சக்கரம் வைத்த நகர்த்தும் போஸ்ட். சுவரில் மாட்டுவது கேட்பதற்கு மலிவு, சுவர் தாங்கும் என்றால்தான் மலிவு.

பள்ளிக்கு நகர்த்தும் போஸ்ட் வாங்குவதானால் வீட்டு வகையை வாங்கக் கூடாது. பள்ளிக்கென்று வருவதில் இரும்பு எடைக்கட்டிகள் அடியில் இருக்கும், போர்டைத் தாங்கும் கை நீளமாக முன்னால் வரும், ஆடும்போது சக்கரம் தரையைத் தொடாதபடி திருகு இறக்கிப் பூட்டுவார்கள். ஒரே மைதானத்தில் காலை வழிபாடு, ஆண்டு விழா, கபடி எல்லாம் நடக்கும் பள்ளிகளுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்குப் புதைத்ததே போதும்.

நகர்த்தும் போஸ்ட்டின் அடிப்பெட்டியில் தண்ணீரா மணலா?

மணல். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

44 அங்குலப் போர்டின் பரப்பு சுமார் 0.85 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் அதன் மேல் ஏறக்குறைய 17 கிலோ தள்ளல் விழும். 3.3 மீட்டர் உயரத்தில் அது தள்ளுவதால் அடியில் 56 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு, தூரம் அல்ல) அளவுக்குக் கவிழ்க்கும் திறன் பிறக்கிறது. 130 லிட்டர் அடிப்பெட்டியில் தண்ணீர் நிரப்பினால், போஸ்ட்டின் சொந்த எடை 40 கிலோவையும் சேர்த்து 170 கிலோ. பெட்டியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 35 செ.மீ. என்றால் எதிர்த்து நிற்கும் திறன் 60 கிலோ-மீட்டர். அதாவது 60 கி.மீ. காற்றுக்கு ஏதோ தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். உலர்மணல் லிட்டருக்கு சுமார் 1.6 கிலோ. மணல் நிரப்பினால் அதே பெட்டி 87 கிலோ-மீட்டர் வரை தாங்கும்.

காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளல் இரண்டேகால் மடங்காகும். எனவே 90 கி.மீ. காற்றில் மணல் நிரப்பிய பெட்டியும் கவிழும். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேராகப் பிடித்து, போர்டு கீழே இருக்கும்படி மெதுவாகப் படுக்க வைத்துவிடுங்கள். கயிற்றால் மாமரத்தில் கட்டுவது இரண்டையும் இழக்கும் வழி.

தண்ணீரில் இன்னும் இரண்டு தொல்லை. பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் காய்ந்து விரிசல் விட்டுக் கசியும், வெளியே தெரியாது. பாதி காலியான பெட்டியோடு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று கொசு: மூடி தொலைந்த பெட்டி டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். தண்ணீர்தான் வழி என்றால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள், மீண்டும் இறுக மூடுங்கள்.

மணல் நிரப்பும்போது நன்றாகக் காய்ந்த, சலித்த மணலையே போடுங்கள். ஈரமணல் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே மூலைகளில் வெற்றிடம் விடும். ஐந்து லிட்டருக்கு ஒருமுறை பெட்டியை உலுக்கிக் கொடுங்கள். நிரப்பிய பிறகு அதன் எடை 250 கிலோவை எட்டும், ஆகவே நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்து நிரப்புவது புத்திசாலித்தனம்.

அடிப்பெட்டி மேல் கூடுதலாக மணல் மூட்டை போடலாமா?

போடலாம், பின்பக்க விளிம்பில். பிள்ளை ரிங்கில் தொங்கினால் போஸ்ட் முன்பக்கம்தான் கவிழும். 50 கிலோ சிறுவன் தொங்கினால், ரிங் அடிப்பெட்டியின் முன்விளிம்பைத் தாண்டி 80, 90 செ.மீ. வெளியே இருப்பதால், சும்மா தொங்கும்போதே 40 கிலோ-மீட்டருக்கு மேல் முன்னால் இழுக்கும். ஆடித் தொங்கினால் இரட்டிப்பாகும். 25 கிலோ மூட்டை முன்விளிம்பிலிருந்து 90 செ.மீ. பின்னால் கிடந்தால் 22 கிலோ-மீட்டர் எதிர்ப்பைக் கூட்டும். அதே மூட்டை முன்னால் கிடந்தால் பிள்ளைகள் தடுக்கி விழத்தான் உதவும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கவே வேண்டாம், விழுபவர் தலை அதன் முனையில் படும்.

தரையில் நிறுத்தக் கம்பம் எவ்வளவு தடிமன் வேண்டும்?

வீட்டுக்கு 100 மி.மீ. சதுரக் குழாய், 4 மி.மீ. தகடு. பள்ளிக்கு 150 மி.மீ. சதுரம், 5 மி.மீ. தகடு. வெல்டிங் பட்டறையில் "தகட்டைத் தடிமனாகப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அதைவிடக் குழாயின் அகலத்தைக் கூட்டுவதே பயன் தரும். அதே 5 மி.மீ. தகட்டில் 100-லிருந்து 150-க்குப் போனால் விறைப்பு மூன்றரை மடங்காகிறது. 100 மி.மீ. குழாயில் தகட்டை இரட்டிப்பாக்கினாலும் விறைப்பு இரண்டு மடங்கைக் கூட எட்டாது.

ஒரே துண்டுக் கம்பம் சிறந்தது. இரண்டு, மூன்று துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகும் கம்பம் கொண்டுவர எளிது, ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஆட்டத்துக்கு ஒரு மூட்டு. எதை வாங்கினாலும் உச்சியில் மூடி இருக்க வேண்டும். திறந்த குழாய்க்குள் மழைநீர் இறங்கி அடியிலிருந்து அரிக்கும்.

கம்பத்துக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மறந்துவிடாதீர்கள். லே-அப் போட்டு, அதாவது ஓடிவந்து ரிங்குக்கு அருகில் குதித்துப் பந்தைப் போட்டு வரும் பிள்ளை நிற்க அந்த இடம்தான் உண்டு. வீட்டில் 60 செ.மீ. குறைந்தபட்சம், பள்ளியில் 1.20 மீட்டருக்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரம் வரை கம்பத்துக்கு நுரை உறை சுற்றுங்கள். போர்டின் கீழ்விளிம்புக்கும் உறை வேண்டும், குதிப்பவர் தலை படுவது அங்கேதான்.

அஸ்திவாரம் எப்படிப் போடுவது?

வீட்டுப் போஸ்ட்டுக்கு 60 × 60 செ.மீ., ஆழம் 120 செ.மீ. பள்ளிக்கு 90 × 90 × 120 செ.மீ. முதலாவதற்கு 0.43 கன மீட்டர் கான்கிரீட், இரண்டாவதற்கு 0.97 கன மீட்டர். எம்20 கலவை, அதாவது ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு 20 மி.மீ. ஜல்லி. கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமென்ட் ஆகும். எனவே வீட்டுக்கு மூன்றரை மூட்டை, பள்ளிக்கு ஒரு கம்பத்துக்கு எட்டு. மேஸ்திரி "இதற்கு எதற்கு சார் இவ்வளவு, இரண்டு மூட்டை போதும்" என்று சொல்வது வழக்கம். அவர் மனதில் இருப்பது கொடிக்கம்பம். கொடிக்கம்பத்தின் உச்சியில் இரண்டு சதுர மீட்டர் பலகை இருக்காது.

கம்பத்தை நேராகக் கான்கிரீட்டில் புதைக்காமல், நாலு ஆங்கர் போல்ட்டைப் புதைத்து அதன்மேல் அடித்தகட்டோடு கம்பத்தை நிறுத்துவது நல்லது. நேராகப் புதைத்த கம்பம் தரைமட்டத்தில்தான் துருப்பிடிக்கும், அப்போது அறுத்தெறிவதைத் தவிர வழியில்லை. போல்ட்டில் நின்றால் கழற்றி மாற்றலாம், நட்டைத் திருகி நேராக்கலாம்.

போல்ட் 20 மி.மீ. தடிமன், 60 செ.மீ. நீளம், அடிமுனை வளைந்தது. பட்டறையில் அடித்தகடு செய்யும்போதே அதே துளைகளோடு ஒரு பிளைவுட் அச்சு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஊற்றும்போது அந்த அச்சில் போல்ட்டுகளை மாட்டிப் பிடித்தால்தான் துளை பொருந்தும். அச்சு இல்லாமல் கண்ணால் பார்த்து நட்ட போல்ட், மறுநாள் சம்மட்டியால் வளைக்கப்பட்டு அன்றே பாதி பலத்தை இழக்கும். போல்ட் மரைகளில் கிரீஸ் தடவித் துணி சுற்றிவிட்டு ஊற்றுங்கள். கான்கிரீட்டின் தலைப்பகுதி தரையைவிட 2 செ.மீ. உயர்ந்து, நான்கு பக்கமும் சரிந்திருந்தால் தண்ணீர் நிற்காது.

ஏழு நாள் சாக்கு போட்டு நனையுங்கள். கம்பத்தை அதன்பிறகு ஏற்றலாம். போர்டும் ரிங்கும் மாட்டிப் பிள்ளைகளை விடுவதற்கு 28 நாள் பொறுப்பது நல்லது. அவசரம் தாங்காது, தெரியும். அதற்குள் கம்பம் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் கரிசல் மண். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடித்துச் சுருங்கும். 120 செ.மீ. ஆழ அஸ்திவாரம் அந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் கம்பம் சாயும். குழியை ஒன்றரை மீட்டர் வரை இறக்குங்கள். குழியைக் கான்கிரீட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. அகலமாகத் தோண்டி, அடியிலும் சுற்றிலும் மணல் அடித்து நனைத்துக் கெட்டிக்க வேண்டும். பலகை அடைத்துக் கான்கிரீட் போட்டு, பலகையை எடுத்த பிறகு சுற்றி மணல் நிரப்பலாம். மண்ணின் ஊதல் அந்த மணலில் அடங்கும்.

கடற்கரை ஊரில் துருவைத் தவிர்ப்பது எப்படி?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்களில் சாதாரண பெயின்ட் ஒரு வருடம் கூடப் பத்தாது. கம்பமும் கையும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ் இரும்பாக இருக்கட்டும். வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே முக்க வேண்டும். முக்கிய பிறகு வெல்டு வைத்தால் அந்த இடத்திலேயே துரு தொடங்கும். நட்டு போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சுவரில் மாட்ட நினைக்கிறோம். எந்தச் சுவர் தாங்கும்?

கான்கிரீட் தூண் அல்லது பீம். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் இழுக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவர், ஹாலோ பிளாக், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு எதுவும் ஆகாது.

கணக்கு இது. போர்டும் சட்டமும் சேர்ந்து 60 கிலோ, சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி. அதில் ஒரு 50 கிலோப் பிள்ளை ஒரு மீட்டர் தள்ளித் தொங்குகிறான். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 60 செ.மீ. என்றால், மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 140 கிலோவுக்கு மேல். ஆடினால் இரட்டிப்பு. பந்து ஒவ்வொரு முறை மோதும்போதும் அந்தத் துளை கொஞ்சம் தேயும். பிளாஸ்டிக் கட்டை வைத்துத் திருகிய ஸ்க்ரூ எவ்வளவு நாள் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மொட்டைமாடித் தளத்தில் துளைபோட்டுக் கம்பம் நிறுத்துவதும் வேண்டாம். தட்டோடும் அதன் அடியில் உள்ள நீர்க்காப்பும் உடைந்து, அடுத்த மழையில் படுக்கையறையில் சொட்டும். மாடியில் ஆடியே தீர வேண்டும் என்றால் நகர்த்தும் போஸ்ட்டும், கைப்பிடிச் சுவருக்கு மேல் 3 மீட்டர் நைலான் வலையும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கம்பி. உருளையான, உள்ளே வெற்றிடமில்லாத 18 அல்லது 20 மி.மீ. எம்.எஸ். ரவுண்டு. மலிவுப் பெட்டிகளில் வரும் குழாய் ரிங் ஒரு பருவத்தில் முட்டை வடிவமாகும். உள்ளூரில் வளைத்தால், 18 மி.மீ. கம்பிக்கு வெட்ட வேண்டிய நீளம் சுமார் 147 செ.மீ. பட்டறைகளில் நடக்கும் வழக்கமான தவறு, 45 செ.மீ. என்பதை வெளிவிட்டமாக எடுத்துக்கொள்வது. இன்னொன்று, மீந்துபோன முறுக்குக் கம்பியில் வளைப்பது. அதன் வரிகள் பந்தின் தோலையும் வலையின் கயிற்றையும் ஒருசேர அறுக்கும்.

அடுத்தது வலை மாட்டும் கொக்கிகள். மொத்தம் பன்னிரண்டு. பன்றிவால் போல் திறந்த கொக்கி விரலைப் பிடித்து இழுக்கும். குதித்து ரிங்கைத் தொட்டவர் விரல் மோதிரத்தோடு மாட்டிக்கொண்டால் நேரும் காயம் கொடூரமானது. கொக்கியில் 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மோதிரம் போட்டு ஆட விடாதீர்கள்.

மூன்றாவது, ரிங் எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது. ரிங்கின் சுமை போர்டில் விழாமல், போர்டுக்குப் பின்னால் உள்ள இரும்புக் கையில் இறங்க வேண்டும். கண்ணாடிப் போர்டில் இது உயிர்நாடி. உதிரி ரிங் வாங்கும்போது பின்தகட்டின் துளை இடைவெளியை அளந்து கொண்டு போங்கள். 5 × 5 அங்குலம், 5 × 4 அங்குலம், 110 × 90 மி.மீ. என்று பல வகை உண்டு, ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

ஸ்பிரிங் வைத்த ரிங் அவசியமா?

டங்க் அடிக்கும், அதாவது குதித்து மேலிருந்து பந்தை ரிங்குக்குள் திணிக்கும் உயரமுள்ளவர்கள் ஆடும் இடத்தில் அவசியம். 1979-இல் டாரில் டாகின்ஸ் என்ற வீரர் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ ஆட்டங்களில் மூன்று வார இடைவெளியில் இரண்டு கண்ணாடிப் போர்டுகளை நொறுக்கினார். அதன் பிறகுதான் பாரம் விழுந்தால் மடங்கி மீளும் ரிங் என்பிஏவுக்கு வந்தது. நல்ல ரிங் அதன் முன்முனையில் 82 முதல் 105 கிலோ வரை பாரம் விழும்போதுதான் மடங்க வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு இதில் பணம் போட வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்த ரிங், ஸ்பிரிங்கே இல்லாத ரிங்கைவிட மோசம். பந்து பட்டாலே தலையாட்டும். திறந்தவெளியில் மேற்பார்வை இல்லாத மைதானத்துக்குத் தாங்குகை வைத்த கெட்டியான ரிங்கே ஆயுள் தரும். இரட்டை வளைய ரிங் இன்னும் முரட்டு உழைப்பு, ஆனால் விளிம்பில் பட்ட பந்தை எல்லாம் வெளியே தள்ளிவிடும். புதிதாகக் கற்பவர் மனம் நொந்துபோவார்.

போர்டு எந்தப் பொருளில்?

கெட்டிக் கண்ணாடிதான் பந்து திரும்பி வருவதில் முதலிடம். 12 மி.மீ. கண்ணாடி முழு அளவில் 57 கிலோ இருக்கும், கம்பமும் கையும் அதற்கேற்ப வேண்டும். முகத்தில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சுத்தி பட்டால் மொத்தமும் பொரியாகச் சிதறும். கெட்டிப்படுத்திய பிறகு அதில் துளை போட முடியாது. கிரிக்கெட் பந்தும் பறக்கும் மைதானத்தில் கண்ணாடி வேண்டாம்.

அக்ரிலிக் 12 மி.மீ. என்றால் 27 கிலோ. வீட்டுக்கு நல்ல நடுவழி. வெயில் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் வளையும். பந்து அதில் பட்டுச் செத்து விழும். பின்னால் நெருக்கமாகச் சட்டம் இல்லாத பாலிகார்பனேட் போர்டில் பேங்க் ஷாட் (போர்டில் மோதவிட்டு ரிங்குக்குள் போடுவது) கற்க முடியாது. ஃபைபர் போர்டு பள்ளிகளில் அதிகம் காணப்படுவது, விலைக்கு உழைக்கும். ஓரம் வெடித்து நார் வெளியே வந்தால் கையில் குத்தும், அப்போதே மாற்றிவிடுங்கள்.

பிளைவுட்டை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட், ஓரங்களிலும் துளைகளுக்குள்ளும் எபாக்ஸி பெயின்ட் மூன்று கோட், பின்னால் 40 மி.மீ. ஆங்கிள் சட்டம். இப்படிச் செய்தால் பந்து திரும்புவது பல அக்ரிலிக் போர்டுகளைவிட நன்றாக இருக்கும். ஓரத்தை மூடாமல் முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்ததுதான் முதல் மழையிலேயே உப்பிப் பிரிகிறது.

பிள்ளைகளின் வயதுக்கு எந்த உயரம், எந்தப் பந்து?

ஃபிபாவின் மினி கூடைப்பந்து, 12 வயது வரையானவர்களுக்கானது, ரிங்கை 2.60 மீட்டரில் வைக்கிறது. பந்து 5-ஆம் எண், சுற்றளவு 69 முதல் 71 செ.மீ., எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏழு வயதுக் குழந்தைக்கு 2.40 மீட்டர் (8 அடி) போதும். 12 வயதுக்குப் பிறகு 3.05-க்குப் போகலாம். பெண்களுக்கு 6-ஆம் எண், ஆண்களுக்கு 7.

சின்னப் பிள்ளையை 10 அடி ரிங்கில் பழக்கினால் என்ன கெடும்? கைக்கு எட்டாததால் பந்தை இடுப்பிலிருந்து, உடம்பை முறுக்கி, இரண்டு கையாலும் எறிவான். அந்த முறுக்கு பதினாலு வயதிலும் போகாது. ஏற்றி இறக்கும் கம்பம் வாங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஏற்றி இறக்கும் வகையில் கைப்பிடி சுழற்றும் திருகு உறுதியானது. துளையில் ஆணி செருகும் வகை மலிவு, ஆனால் இரண்டு பெரியவர்கள் போர்டைத் தாங்கிப் பிடித்தால்தான் மாற்ற முடியும், அதனால் யாரும் மாற்றுவதே இல்லை.

பள்ளிக்கு ஒரு ஜோடி உயர்தரப் போஸ்ட்டா, பல சாதாரணப் போஸ்ட்டுகளா?

பலதுதான். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு ரிங் என்றால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், 40 நிமிடத்தில் ஒருவர் பத்துப் பந்து எறிந்தால் பெரிது. கண்ணாடிப் போர்டு ஜோடி வாங்கும் பணத்தில் முழு அளவு ஃபைபர் போர்டு ஜோடி ஒன்றும், ஆடுகளத்தின் நீளப்பக்கங்களில் 2.60 மீட்டர் உயரத்தில் நான்கு சிறு போஸ்ட்டுகளும் வைக்கப் பாருங்கள். மாவட்டப் போட்டி நடத்தும் பள்ளிக்கு மட்டும் கணக்கு வேறு.

28 × 15 மீட்டர் முழு ஆடுகளத்துக்கு இடமில்லையா? மூவர் ஆட்டத்துக்கு 15 × 11 மீட்டரும் ஒரே ஒரு போஸ்ட்டும் போதும்.

விலைப்புள்ளி கேட்கும்போது என்ன எழுத வேண்டும்?

"தரமான கூடைப்பந்து கம்பம் ஒரு ஜோடி" என்று எழுதினால் எது வந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். இப்படி எழுதுங்கள்: கம்பம் 150 × 150 × 5 மி.மீ., ஒரே துண்டு, செய்து முடித்தபின் கால்வனைஸ் செய்தது. கம்பத்தின் முகத்திலிருந்து போர்டு முகத்துக்கு 1.20 மீட்டர், போர்டு 1.80 × 1.05 மீட்டர், பொருளும் தடிமனும். ரிங் உள்விட்டம் 45 செ.மீ., 20 மி.மீ. திடக் கம்பி, மூடிய கொக்கி, ஆங்கர் போல்ட் நான்கும் அச்சும், 2.15 மீட்டர் உறை, போர்டு கீழ்விளிம்பு உறை, வலை நான்கு, அஸ்திவாரம் யார் பொறுப்பு, ஏற்றிக் கொடுப்பது யார் பொறுப்பு. கடைசி இரண்டில்தான் தகராறு வரும்.

மாட்டிய பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உயரத்தைக் கம்பத்தின் அடியிலிருந்து அளக்காதீர்கள். மழைநீர் வடியத் தரை சரிந்திருக்கும். ரிங்குக்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்புக்கு டேப் பிடியுங்கள். முன், இடம், வலம் மூன்று இடத்திலும் 3.05 வர வேண்டும், 6 மி.மீ. முன்பின் போகலாம். ரசமட்டத்தை ரிங்கின் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை வையுங்கள். பிறகு போர்டின் நான்கு மூலையிலும் பந்தை வேகமாக எறிந்து கேளுங்கள். ஏதேனும் ஒரு மூலையில் கலகலவென்று ஒலித்தால் அந்தப் பக்கப் போல்ட் தளர்ந்திருக்கிறது. ரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டால் நான்கு எண்ணுவதற்குள் ஆட்டம் அடங்க வேண்டும்.

நெட்பால் கம்பத்தையே கூடைப்பந்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

இலங்கைப் பள்ளிகளில் நெட்பால், அதாவது வலைப்பந்துக் கம்பம் ஏற்கெனவே இருப்பதால் எழும் கேள்வி இது. உயரம் இரண்டுக்கும் 3.05 மீட்டர்தான். ஆனால் வலைப்பந்து வளையம் 38 செ.மீ., போர்டு கிடையாது. எறிந்து பழகலாம், மோதித் திரும்பும் பந்துக்கு அது உதவாது. அந்தக் கம்பத்தில் கூடைப்பந்துப் போர்டை ஏற்றுவது கூடவே கூடாது, அதன் அடித்தளம் காற்றைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

பராமரிப்பு எவ்வளவு அடிக்கடி?

வலை கிழிந்தால் உடனே, காத்திருக்க வேண்டாம். வலை இல்லாத ரிங்கில் பந்து உள்ளே போனதா என்றே சண்டை வரும். வெளியில் பருத்திக் கயிறு மழையில் இற்றுப்போகும், நைலான் வலையே போடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிங் போல்ட் நான்கையும் முறுக்குங்கள். பள்ளி திறக்கும் ஜூனில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, கம்பத்தின் அடிப்பகுதி ஒரு முழம் வரை சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே அரித்திருக்கிறது. கைப்பகுதி கம்பத்தோடு சேரும் வெல்டில் மயிரிழை விரிசலும், அதிலிருந்து வழிந்த துருக்கோடும் இருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். துருக்கோடு தெரிந்தால் அன்றே பந்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் விரிசல் வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.